வெளியே வைக்கப்பட்ட குவளை



எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லைப்புறத்தில், மாட்டுக்கொட்டிலின் சுவரிலிருந்த ஒரு மாடக்குழியில் இரண்டு அலுமினியத் தம்ளர்கள் எப்போதும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்குள் இருந்த பாத்திரங்களோடு அவை ஒருநாளும் சேர்ந்ததில்லை. அவை யாருக்கு என்று சிறுவனாகிய நான் கேட்டதும் இல்லை. ஒரு சித்திரை மாதத்து வெயிலில் கிணறு தூர்வார வந்த பெரியவர் தண்ணீர் கேட்டபோது, உள்ளே ஓடிப்போய் நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரிலேயே மொண்டு வந்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. “வேண்டாம் தம்பி, அந்தத் தம்ளரையே எடுத்தாங்க” என்று மாடக்குழியைக் காட்டினார். என் வயதையொத்த பேரப்பிள்ளைகள் உடையவர், தமக்குரிய இடம் எது என்பதை எனக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அப்பத்தா தினந்தோறும் வேதம் வாசிப்பவர். மாலை ஜெபத்தைத் தவறவிட்டதே இல்லை. ஆயினும் அந்தத் தம்ளர்கள் அங்கேயே இருந்தன.

நம்முடைய தேசத்தின் விளையாட்டு வரலாற்றில் அதே போன்ற ஒரு குவளை உண்டு. அந்தக் குவளையில் தேநீர் அருந்தியவர் இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று வரலாற்றாசிரியர்கள் போற்றும் பல்வாங்கர் பாலு. இந்த வாரச் சிந்தனைக்கு அவருடைய வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி, திருவிருந்து மேசையைச் சுற்றிக் கூடுகிற நம் ஒவ்வொருவரிடமும் நேராக வருகிறது.

பாலு 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் தார்வாரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையிலுள்ள பல்வான் என்னும் ஊர். அதுவே அவர்களுடைய குடும்பப் பெயராயிற்று. தோல் தொழிலோடு தொடர்புடைய சமார் சாதியினர் ஆகையால், அக்கால வழக்கப்படி தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். தந்தையார் படைத்துறையைச் சார்ந்த வேலையில் இருந்தபடியால் பிள்ளைகள் புனேயில் வளர்ந்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் பயன்படுத்தி எறிந்த மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் கற்றார்கள். விட்டல், கண்பத் என்னும் இளைய தம்பிகளும் பின்னாளில் அதே வழியில் வந்தார்கள்.

பாலுவின் முதல் வேலை பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தின் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிட்டுச் சமன்செய்வது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் புனே கிளப்பில் சேர்ந்தபோது அது 4 ரூபாயாயிற்று. வலை கட்டுவதும் ஆடுகளத்தைப் பராமரிப்பதும் அங்கே அவர் பணி. ஒருநாள் வெள்ளையர் ஒருவர் பந்து வீசும்படி அவரைக் கேட்டார். அப்போது வெளிப்பட்டது அந்த இடக்கையின் ஆற்றல். மெதுவாகச் சுழன்று வந்து திசை மாறும் பந்துகளை எதிர்கொள்வது அன்றைய சிறந்த மட்டையாளர்களுக்கே கடினமாயிருந்தது. புகழ்பெற்ற மட்டையாளரான கேப்டன் கிரெய்க் தம்முடைய பயிற்சிக்கு பாலுவையே அழைத்துக்கொண்டார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றும் சொல்வார்கள். இவ்வாறு ஆயிரக்கணக்கான பந்துகளை பாலு வீசினார். ஆனால் அந்த வலைக்குள் ஒருமுறைகூட அவர் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. பந்து வீசுவது உழைப்பு; அதை ஒதுக்கப்பட்டவனிடம் ஒப்படைக்கலாம். மட்டை பிடிப்பதோ மேன்மக்களின் உரிமை என்று எண்ணப்பட்டது.

ஐரோப்பியரை வெல்லத் துடித்த புனேயின் இந்து கிளப்புக்கு இப்போது ஒரு சங்கடம் உண்டாயிற்று. நகரத்தின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் கண்முன்னே இருக்கிறார். ஆனால் அவரோடு ஒரே களத்தில் நிற்பது தீட்டல்லவா? நீண்ட வாதங்களுக்குப் பிறகு பாலு சேர்த்துக்கொள்ளப்பட்டார். களத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். அவர் விக்கெட் எடுத்தபோது சேர்ந்து மகிழ்ந்தார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் சென்று பீங்கான் கோப்பைகளில் அருந்தினார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் தேநீர் ஊற்றப்பட்டது. முகம் கழுவ விரும்பினால் அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட பணியாள் ஒருவர் தண்ணீர் கொண்டுவர வேண்டும். உணவு தனித் தட்டில், தனி மேசையில்.

அன்பானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்த அணி பாலுவை வெறுத்ததாகச் சொல்ல முடியாது. அவரை விரும்பியது, அவர் இல்லாமல் வெற்றி இல்லை என்றும் அறிந்திருந்தது. அவருடைய கையின் திறமையை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கை தொட்ட குவளையைத் தன்னுடையவற்றோடு வைக்க மனம் வரவில்லை. ஒருவருடைய உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு, அவரை மட்டும் வெளியே நிறுத்துவதற்கு வெறுப்பு தேவையில்லை, பழக்கம் போதும். எங்கள் கிணறு தூர்வாரிய பெரியவரின் உழைப்பினால் ஊறிய தண்ணீரைத்தான் நாங்கள் ஆண்டு முழுவதும் குடித்தோம்.

‘இது மராட்டிய நாட்டுக் கதை’ என்று நம்மில் யாரும் ஆறுதல் கொள்ள இடமில்லை. நம்முடைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930ஆம் ஆண்டு டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் சிலர் கூடி, ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் பொன், வெள்ளி நகைகள் அணியலாகாது. ஆண்களின் ஆடை முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் செல்லலாகாது. பெண்கள் மேலாடை உடுத்தலாகாது, பூச்சூடலாகாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கலாகாது, காலில் செருப்பு அணியலாகாது. இவற்றோடு மற்றொரு தடை: அவர்கள் வீட்டில் மண்பாண்டங்களைத் தவிர வேறு பாத்திரங்களைப் பயன்படுத்தலாகாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் கால்நடைகளும் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு விதித்த புதிய தடைகளில், அவர்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் ஒன்று. வெளிநாடுகளுக்குக் கப்பலேறிப் பொருளீட்டிய செல்வந்தர்கள் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு நம் ஊர்களில் மாளிகைகள் எழுப்பிய அதே காலத்தில்தான், அதே மாவட்டத்தில் ஒரு தாய் பித்தளைச் செம்பு ஒன்றை வைத்திருந்ததற்காக வீட்டை இழக்கக்கூடும் என்ற நிலை இருந்தது. புனேயின் மண் குவளையும் நம் மாவட்டத்தின் மண்பாண்டமும் ஒரே களிமண்ணால் வனையப்பட்டவை.

பாலுவின் கதைக்குத் திரும்புவோம். புனேயில் பிளேக் நோய் பரவிய காலத்தை அடுத்து அவர் பம்பாய்க்குச் சென்றார். இரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கேயும் சிலரின் எதிர்ப்பைக் கடந்தே இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது. 1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்து அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஆளும் இனத்தாரை அவர்களுடைய விளையாட்டிலேயே வீழ்த்திய அந்த வெற்றியை நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டும் வெற்றி தொடர்ந்தது. இதற்குள் பம்பாயில் பாலுவும் மற்ற ஆட்டக்காரர்களும் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் நிலை வந்திருந்தது. விளையாட்டு வெற்றியைக் காட்டிலும் இதுவே பெரிய மாற்றம் என்று அக்காலச் சீர்திருத்த இதழ் ஒன்று எழுதியது. குவளை உள்ளே வந்துவிட்டது.

1911ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ, 35 வயதில், கையில் வலியோடு, அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒன்றுகூடி வரவேற்பு அளித்தார்கள். அந்த வரவேற்பை முன்னின்று நடத்தியவர்களில் இருபது வயதான ஒரு கல்லூரி மாணவரும் இருந்தார். அவர் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். தங்கள் பிள்ளைகளிடம் ‘இவரைப் பார்’ என்று சுட்டிக்காட்ட அம்மக்களுக்கு ஒரு மனிதர் கிடைத்திருந்தார்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு கதவு திறக்கவில்லை. அணித்தலைமை என்னும் கதவு அது.

பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், பின்னர் முஸ்லிம்கள் என்று சமூகவாரியான அணிகள் ஆண்டுதோறும் மோதின. அனுபவத்திலும் ஆற்றலிலும் இந்து அணியில் பாலுவுக்கு நிகர் இல்லை. ஆயினும் ஆண்டுகள் பல கடந்தும் அவர் தலைவராக்கப்படவில்லை. களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று உயர்சாதியாருக்குக் கட்டளையிடும் இடத்தில் ஒரு சமாரை வைக்க நிர்வாகிகளுக்கு மனமில்லை. தலைவராயிருந்த எம்.டி. பாய் உயர்குலத்தவர், ஆனால் நேர்மையாளர். தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இந்தப் பெருமை மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்கே உரியது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

1920ஆம் ஆண்டு வந்தது. பாலுவுக்கு வயது 44. பாய் நோயுற்றிருந்தார். நிர்வாகிகள் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகளான விட்டலையும் சிவராமையும் கடந்து, உயர்சாதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரைத் தலைவராக்கினார்கள். அப்போது தம்பியர் இருவரும் அணியை விட்டு வெளியேறினார்கள். தங்களுக்கு நேர்ந்தது சாதியின் பொருட்டு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்று பொதுமக்களுக்கு அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் அணியில் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். விளையாடியிருக்கலாம், கைதட்டலைப் பெற்றிருக்கலாம். நீதி இல்லாத இடத்தில் தங்களுக்குக் கிடைத்த இருக்கையை அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

அந்த வெளியேற்றம் ஊரை அசைத்தது. தீண்டாமையை எதிர்த்து காந்தி வெளிப்படையாகப் பேசிவந்த காலமும் அதுவே. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு உடல்நலம் தேறிய பாய் தலைவராகத் திரும்பினார். தம்பியர் திரும்பி வந்தார்கள். பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பாய் களத்தை விட்டு வெளியே சென்றார். அதனால் அணியை நடத்தும் பொறுப்பு பாலுவின் கைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, சிறிது நேரமாவது, அந்த மனிதர் தம் அணிக்குத் தலைமை தாங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் முழுமையான தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு இந்து அணி கோப்பையை வென்றது. அவரை ஆதரவாளர்கள் தோளில் சுமந்து சென்றார்கள். எந்தச் சாதியைத் தொடுவது தீட்டு என்று சொல்லப்பட்டதோ, அந்தச் சாதியில் பிறந்தவர் உயர்சாதியாரின் தோள்மீது அமர்ந்திருந்தார்.

கடலுக்கு அப்பாலும் இதே வரிசையில்தான் கதவுகள் திறந்தன. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்த பேஸ்பால் முதன்மைத் தொடரில் 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் காலடி வைத்தார். களத்தில் அவரை வரவேற்ற நாட்டிலேயே பல விடுதிகள் அவருக்கு அறை தர மறுத்தன. பல உணவகங்கள் மேசை தர மறுத்தன. ஓய்வுபெற்ற பின் அவர் தம் புகழைச் சேமித்து வைக்கவில்லை. குடியுரிமைப் போராட்டத்தில் அதைச் செலவிட்டார். 1963இல் வாஷிங்டன் பேரணியில் தம் பிள்ளைகளோடு நடந்தார். 1972 அக்டோபர் 15 அன்று, அவரைக் கௌரவிக்க ஏற்பாடான விழாவில், நன்றி சொல்லி அமர்ந்துவிடாமல், ஒரு கறுப்பினத்தவர் அணியை நடத்தும் பொறுப்பில் இருப்பதையும் காண விரும்புகிறேன் என்றார். ஒன்பது நாளில் அவர் மரித்தார். அந்த நாள் 1975இல்தான் வந்தது. அங்கும் களம் முதலில் திறந்தது. மேசை பின்னர் திறந்தது. தலைமை எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒருவருடைய உழைப்பை ஏற்பது எளிது, அவரோடு உண்பது அதைவிடக் கடினம், அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவது எல்லாவற்றிலும் கடினம் என்பதை இரு நாடுகளின் வரலாறும் நமக்குக் கற்பிக்கிறது.

விளையாட்டை விட்ட பின் பாலு பொதுவாழ்வில் இறங்கினார். அந்தப் பகுதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை ஆங்கிலேய அரசு அறிவித்தது. அம்பேத்கர் அதை வரவேற்றார். காந்தி அதை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். பாலுவும் சென்னையின் எம்.சி. ராஜாவும் பொதுத் தொகுதிகளில் ஒதுக்கீடு என்ற வழியை ஆதரித்தார்கள். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்தும் உண்டு. 1935இல், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தபோது பாலு அதையும் ஏற்கவில்லை. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாய்த் தொகுதி ஒன்றில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார். ஒரு காலத்தில் தம்மை வரவேற்ற மாணவனிடமே தோற்ற பாலுவை அதன்பின் நாடு மெல்ல மறந்தது. 1955 ஜூலையில் அவர் இறந்தார்.

இருவரில் யாருடைய வழி சரி என்று தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. உள்ளேயிருந்தே கதவைத் திறக்கலாம் என்று ஒருவர் நம்பினார், ஏனெனில் அவர் வாழ்க்கையில் ஒரு கதவு அவ்வாறு திறந்தது. வீட்டையே மாற்ற வேண்டும் என்று மற்றவர் முடிவுசெய்தார், ஏனெனில் இலட்சக்கணக்கானோருக்கு அது திறக்கவேயில்லை. இருவர் கேட்டதும் ஒன்றே: மனிதனுக்குரிய இடம்.

ஆனால் ஒரு கேள்வி நம்மை விடாது. அம்பேத்கர் அவ்வாறு அறிவித்த நாளில் அவர் நம்முடைய சபைகளை நோக்கிப் பார்த்திருந்தால் எதைக் கண்டிருப்பார்? நம் தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாறு இதற்கு விடை சொல்லும். 1833இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாட்டை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அநேகர் சாதியை விடுவதைக் காட்டிலும் சபையை விடுவது மேல் என்று பிரிந்து சென்றார்கள். நம் பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷன் 1840களில், தன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று வலியுறுத்தியபோதும் பிரிந்தவர்கள் உண்டு. பிரசங்கம் கேட்கச் சம்மதித்தார்கள், ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தார்கள், சேர்ந்து உண்ண வேண்டும் என்றபோது எழுந்து போனார்கள். இன்றும் தமிழ்நாட்டில் சில இடங்களில் கிறிஸ்தவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று அறிக்கையிட்டுவிட்டு, எழுந்திருக்கும் நாள்வரைக்கும் பிரிந்தே படுத்திருக்க ஏற்பாடு செய்கிறோம்.

பிரியமானவர்களே, வேதம் இந்தக் குவளையை அறியும். யோவான் நான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சீகார் ஊரின் கிணற்றருகே களைத்து அமர்ந்தார். மொண்டு குடிக்க அவரிடம் பாத்திரம் இல்லை. யூதர்கள் பழகாத சமாரிய இனத்துப் பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்டார். கேட்டது அவளுடைய பாத்திரத்திலிருந்து. அவள் திகைத்ததற்குக் காரணம் அதுவே. தமக்கென்று தனிக்குவளை கொண்டுவராத ஆண்டவர் அவர். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்திலோ அவருடைய சீஷன் பேதுருவைக் காண்கிறோம். அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அதைச் சிறிய நாகரிகக் குறைவாக எண்ணவில்லை. எல்லார் முன்பாகவும் முகமுகமாய்க் கடிந்துகொண்டார். அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறானது என்றார். பந்தியில் யார் அருகில் அமர்கிறோம் என்பது அப்போஸ்தலனுக்கு இரட்சிப்பைப் பற்றிய கேள்வியாயிருந்தது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பாலுவின் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமாக வருபவர் பாய் என்னும் அந்தத் தலைவர். அவர் பெரிய புரட்சி எதையும் செய்யவில்லை. தமக்குரியதல்லாத பெருமையைத் தம்முடையதல்ல என்று சொன்னார். பின்பு ஒருநாள் எழுந்து களத்துக்கு வெளியே நடந்தார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் கறுப்பின வீரர்கள் கறுப்புக் கையுறையணிந்த கைகளை உயர்த்திய காட்சியை நீங்கள் படத்தில் கண்டிருக்கலாம். இரண்டாம் இடத்தில் நிற்கும் வெள்ளையர் பீட்டர் நார்மன், ஆஸ்திரேலியாவின் இரட்சணிய சேனைக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் கையை உயர்த்தவில்லை. அவர்கள் அணிந்திருந்த மனித உரிமைச் சின்னத்தைத் தாமும் நெஞ்சில் அணிந்து நின்றார். 2006இல் அவர் மரித்தபோது அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் போராட்டத்தைத் தாங்களே நடத்துவார்கள், நடத்தியும் வந்திருக்கிறார்கள். நம்மில் இடம் பெற்றிருப்பவர்களிடம் கேட்கப்படுவது, எழுந்து இடம் கொடுப்பதும் உடன் நிற்பதுமே.

ஆகையால் இந்த வாரம் மூன்று இடங்களை உங்கள் மனதில் சுற்றிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். முதலாவது, உங்கள் சமையலறை. வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்கு நீங்கள் காபி கொடுக்கும் தம்ளர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? இரண்டாவது, உங்கள் பந்தி. பிள்ளையின் திருமண விருந்தில் உங்களோடு ஒரே வரிசையில் இலை போட்டு அமர்ந்தவர்கள் யார்? மூன்றாவது, நம்முடைய சபை. கமிட்டியில், பாடகர் குழுவில், ஓய்வுநாள் பள்ளியில் வேலை செய்கிறவர்கள் யார், தலைமை தாங்குகிறவர்கள் யார்? பாய்விரிக்கவும் நாற்காலி அடுக்கவும் நாம் அழைப்பவரின் பெயர், தேர்தல் நேரத்தில் நம் நினைவுக்கு வருகிறதா? போதகனாகிய நானும் இக்கேள்விகளுக்கு வெளியே நிற்கவில்லை. உங்களிடம் கேட்பதற்கு முன் என்னிடமே இவற்றைக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

அப்பத்தா காலமான பின் வீட்டைப் பிரித்தபோது, மாடக்குழியிலிருந்த அந்தத் தம்ளர்களில் ஒன்றை நான் எடுத்துவந்தேன். நெளிந்து, நிறம் மங்கி, என் படிப்பறை அலமாரியில் இருக்கிறது. அன்று அந்தப் பெரியவர் கைநீட்டி வாங்காத தண்ணீரைப் பற்றி நான் அநேக முறை ஜெபித்திருக்கிறேன். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் திருவிருந்துக்காக முழங்காற்படியிடும்போது, ஒரே பாத்திரம் ஒருவர் உதட்டிலிருந்து அடுத்தவர் உதட்டுக்குக் கடந்துவரும். அது உங்களிடம் வந்து சேரும்போது, உங்களுக்கு முன் அதில் பருகியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறீர்களா என்றும் எண்ணிப் பாருங்கள்.

ஆண்டவரே, உம்முடைய மேசையில் எங்களுக்கு இடம் கொடுத்தீர். எங்கள் மேசையில் நாங்கள் மறுத்த இடங்களை எங்களுக்குக் காட்டும். எழுந்து இடம் கொடுக்கும் பெலத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.